தீவகத்து வாணிகமும் கொட்டை எழுத்தும்

பெரிதாகவும் தடிப்பாகவும் அமைந்த எழுத்தைத் தமிழ் மக்கள் கொட்டை எழுத்து என்பர். பத்திரிகையின் தலைப்பு கொட்டை எழுத்தில் வரும். கடையின் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கும். நூலெழுத்து, வீட்டினுள் அமர்ந்து ஆறுதலாகப் படிப்பவனுக்காக ஏற்பட்டது. கொட்டை எழுத்தோ வழியே போகிறவனுக்காக ஏற்பட்டது. அவனுக்கு நிற்க நேரமில்லை. படிக்க வேண்டும் என்னும் எண்ணமும் இல்லை. அவனைத் தொலைவிலேயே மறித்து, "இங்கே ஒரு கடை இருக்கிறது, இன்னாருடையது" என்று சொல்லிவிடுவதே அவ்வெழுத்தின் தொழில்.

எழுத்தைத் தடிப்பாக்கிவிட்டால் அத்தொழில் தானே நிறைவேறும் என்று பலர் எண்ணுகின்றனர். தமிழ் எழுத்தின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை முதலிய ஊர்களைக் கொண்ட யாழ்ப்பாணத்துத் தீவகம் இவ்வரலாற்றை ஆராய ஏற்ற இடமாகும். வாணிகத்துக்காகப் பொதுவிடத்தில் எழுத்தை நிறுத்தும் வழக்கம் அங்கே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு கற்சாசனம் உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963 ஆம் ஆண்டில் பதிப்பித்தார். பொலநறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. சிங்கள மன்னன் ஒருவன் பிறப்பித்த அவ்வாணை தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. சமஸ்கிருதப் பகுதி கிரந்த எழுத்தில் அமைந்துள்ளது. சாசனம் பேசுவது ஊராத்துறையைப் பற்றி. இன்று ஊர்காவற்றுறை என வழங்கும் துறைமுகமே அது.

ஆணையின் பொருள் இது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும். மன்னனுக்கு யானையிலும் குதிரையிலும் விருப்பம் உண்டு. ஆதலால் அவற்றைக் கொண்டுவரும் மரக்கலம் உடைந்து கெடுமாயின், நாலிலொரு பங்கே அரசனின் பண்டாரத்துக்குச் சேரும். மற்ற மூன்று பங்கும் உடையவனுக்கு விடப்படும். பிற சரக்கேற்றிய வாணிக மரக்கலம் கெடுமாயின், பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் ஆகும். இவ்வொழுங்கு கல்லிலும் செம்பிலும் வெட்டுவிக்கப்பட்டது.

கப்பல் உடைந்தால் கரையொதுங்கிய பொருள் முழுவதையும் கரைக்குரியவனே எடுத்துக்கொள்வது பல நாடுகளில் நிலவிய பழக்கம். அக்காலத்து வணிகனுக்குப் புயலைக் காட்டிலும் அதுவே பேரச்சம். அவ்வச்சத்தைப் போக்க வேண்டுமானால் வாய்ச்சொல் போதாது. வணிகன் தானே படித்தறியக்கூடிய மொழியில், அழியாத பொருளின் மேல், யாவரும் காணும் இடத்தில் எழுத்து நிற்க வேண்டும். தென்னிந்திய வணிகருக்குத் தமிழ் விளங்கும். எனவே மன்னன் தன் அவையின் மொழியை விடுத்து, வருகிறவனுடைய மொழியைத் தெரிந்துகொண்டான். கடைப் பெயர்ப்பலகை எழுதுகிறவன் முதலில் கற்க வேண்டிய பாடமும் இதுவே: எழுத்து எழுதுகிறவனுக்காக அன்று, படிக்கிறவனுக்காக.

வணிகர்களும் தம் பெயரைக் கல்லில் பொறித்தனர். ஐந்நூற்றுவர், நானாதேசிகள் என்னும் வணிகக் குழுவினரின் தமிழ்ச் சாசனங்கள் பதவியா, வாகல்கட முதலிய இடங்களில் கிடைத்துள்ளன. இவர்களுடைய சாசனக் கற்கள் சிலவற்றில் எழுத்தோடு குழுவின் சின்னங்களும் செதுக்கப்பட்டன. எழுத்தறிந்தவன் எழுத்தைப் படிப்பான். அறியாதவன் சின்னத்தைக் கண்டு தெளிவான். இக்காலத்தார் வணிகக் குறி என்று கூறுவதன் பழைய வடிவம் அது.

பல மொழிப் பெயர்ப்பலகைக்கும் இலங்கையில் பழைய சான்று உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல் 1911 ஆம் ஆண்டில் காலியில் கண்டெடுக்கப்பட்டது. இப்பொழுது கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது. 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் உள. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. ஒரே செய்தியை மூன்று முறை பெயர்த்து எழுதாமல், ஒவ்வொரு வகுப்பாரும் போற்றும் பெயரை அவரவர் எழுத்தில் எழுதிய நுட்பம் நோக்கத் தக்கது.

இப்பழைய கல்லெழுத்துகளைக் காண்போர்க்கு ஒன்று வியப்பளிக்கும். மெய்யெழுத்தின் தலையில் இட வேண்டிய புள்ளி அவற்றிற் பெரும்பாலும் இராது. ஓலையிலும் அவ்வாறே. எழுத்தாணியால் புள்ளியை அழுத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆதலால் ஏடெழுதியவர்கள் புள்ளியை விலக்கினர். படிப்பவன் இடம் நோக்கித் தானே சேர்த்துப் படித்தான். ரகரத்துக்கும் ஆகாரக் காலுக்கும் வேற்றுமை இல்லாமலே எழுதப்பட்டது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் நின்றன. இவற்றுக்கு இன்று வழங்கும் வேற்றுமையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் ஏற்படுத்தினார் என்பர். நின்று நிதானித்துப் படித்த காலத்துக்கு அம்முறை போதுமாக இருந்தது. வழிப்போக்கன் ஒரு நொடியில் படிக்க வேண்டிய கொட்டை எழுத்துக்கு அது போதாது. இதனை உணர்த்தியது அச்சு.

தமிழ் அச்சின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. பிற நாட்டு அச்சில் சிறிய எழுத்து முன்னே வந்தது, பேரெழுத்து பின்னே வளர்ந்தது. தமிழிலோ பேரெழுத்து முன்னே வந்தது. அதனைச் சிறிதாக்குவதே பெரும்பாடாயிற்று. 1578 ஆம் ஆண்டில் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சாயிற்று. 1713 இல் ஜெர்மனி நாட்டு ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியனவாய் இருந்தன. காகிதமோ அருமையான பொருள். பெரிய எழுத்தில் ஒரு நூலை அச்சிட்டு முடிப்பதற்குள் காகிதம் தீர்ந்துவிடும். ஆகவே சீகன்பால்கு முதலிய பாதிரிமார் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்ப்பித்தனர்; 1715 இல் புதிய ஏற்பாடு நிறைவெய்தியது.

ஐரோப்பாவிலே கதை வேறு. நூலெழுத்து மூன்று நூற்றாண்டுகளாகத் திருத்தம் பெற்ற பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலண்டன் நகரத்து வணிகர்களும் பரிசுச் சீட்டு விற்போரும் சுவரொட்டிகளை ஒட்டத் தொடங்கினர். நூலெழுத்தைப் பெரிதாக்கி அச்சிட்டால் சுவரில் அது வெளிறிப்போயிற்று. அதனால் எழுத்து வார்ப்போர் தூண் போலத் தடித்த எழுத்துகளை வார்த்தனர். ராபர்ட் தோர்ன், வின்சென்ட் பிகின்ஸ் என்போர் அவர்களுட் குறிப்பிடத் தக்கவர். அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் 1827 அளவில் மரத்திற் பெரிய எழுத்துகளைக் கடைந்தெடுக்கும் முறையைக் கண்டார். ஈயம் பெரிய எழுத்துக்குப் பளுவானது, விலையும் மிகுந்தது. மரமோ இலேசானது, மலிவானது. ஆக, கொட்டை எழுத்துக்குத் தாய் புலவர் அவையன்று, கடைத்தெருவே.

யாழ்ப்பாணத்துக்கு அச்சு வந்ததும் அக்காலத்திலேயே. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அச்சாளர் மைனர் 1834 இல் மானிப்பாயில் தொழிலைத் தொடங்கினார். 1841 சனவரி 7 ஆம் நாள் "உதயதாரகை" பத்திரிகை வெளிவந்தது. ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவினார். நூலும் பத்திரிகையும் பெருகவே, தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் உடலெழுத்தினின்றும் வேறான எழுத்து வேண்டியதாயிற்று. அப்பொழுதே தமிழ் எழுத்தின் இயல்பு வெளிப்பட்டது.

ரோமன் எழுத்துப் பெரும்பாலும் கோடுகளால் ஆனது. கோட்டைத் தடித்தால் எழுத்துத் தடிக்கும், உரு மாறாது. தமிழ் எழுத்தோ எழுத்தாணியின் பிள்ளை. ஒரே மென்மையான கீற்று வளைந்தும் சுழித்தும் செல்வதால் உண்டானது. சுழிகளுக்குள்ளே இருக்கும் வெற்றிடமே பல எழுத்துகளுக்கு உயிர். கீற்றைத் தடித்தால் அவ்வெற்றிடம் அடைபடும். ணகரத்தின் மூன்று சுழியும் னகரத்தின் இரண்டு சுழியும் மைத்திட்டாகிவிட்டால் இரண்டுக்கும் வேற்றுமை யாது? புகையிலைக்காரன் தன் சரக்குக்கு "மணம்" உண்டு என்று எழுத நினைத்தது "மனம்" என்று நிற்கும். ரகரத்தின் அடிக்கால் தடிப்பில் மறைந்துவிட்டால் "தரம்" என்பது "தாம்" ஆகிவிடும். புள்ளி கீழெழுத்தோடு ஒட்டிக்கொண்டால் பல் வைத்தியர் பல வைத்தியர் ஆவார். நகையாட்டாகத் தோன்றும் இப்பிழைகள் வணிகனுக்கு நகைப்பல்ல. தரம் என்ற சொல்லையே தரமில்லாமல் எழுதியவனுடைய சரக்கை எவன் நம்புவான்?

இதே உண்மையை மாடு வளர்த்தவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் மாட்டுக்குக் குறி சுடும் வழக்கம் இருந்தது. காய்ச்சிய இரும்பால் தோலிற் சுட்ட கோடு ஆறும்பொழுது அகலும். நெருக்கமாகச் சுட்ட குறி ஆறிய பின் ஒரே தழும்பாகிவிடும். எவனுடைய மாடு என்று சொல்ல இயலாது. வணிகப் பெயரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான "பிராண்ட்" என்பதும் சூட்டுக்குறியினின்று வந்ததே. கோடு தடிக்கத் தடிக்க இடைவெளியும் அகல வேண்டும் என்னும் விதி தோலுக்கும் பலகைக்கும் ஒன்றே.

தீவகத்தார் பெயர்ப்பலகையோடு வாழ்ந்த வரலாறு அவர்களுடைய வாணிகத்தின் வரலாறாகும். தீவக நிலம் பெரும்பாலும் சுண்ணக்கல். மழைநீர் தங்குவது அரிது. வேளாண்மையால் மட்டும் குடும்பம் தழைப்பது கடினம். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு முதலிய ஊர்களிலிருந்து இளைஞர்கள் தெற்கே புறப்பட்டனர். கொழும்பிலும் மலைநாட்டு நகரங்களிலும் சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சைவ உணவுக்கடை எனப் பல கடைகள் எழுந்தன. முதலாளி, வேலையாள் யாவரும் ஓரூரார். ஊரிலிருந்து வரும் புதியவன் கொழும்புத் தெருவில் திகைத்து நிற்கும்பொழுது, தன் குலதெய்வத்தின் பெயரோ தன் ஊரின் பெயரோ கொட்டை எழுத்தில் ஒரு வாயிலின் மேல் நிற்கக் கண்டால் அவனுக்கு அதுவே ஊர். பெயர்ப்பலகை விளம்பரமாக மட்டும் அமையவில்லை, அடைக்கலமாகவும் அமைந்தது.

அப்பலகைகளை எழுதியவர்கள் தூரிகை பிடித்த ஓவியர்கள். பலகையின் நீளம் அளவானது; தமிழ்ப் பெயரோ நீளமானது. "பலசரக்கு வியாபாரம்" என்றும் உரிமையாளர் பெயர் என்றும் ஊர் என்றும் ஒவ்வொன்றையும் சேர்க்க வேண்டும் என்று கடைக்காரர் கேட்பார். தேர்ந்த ஓவியர் கடையின் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதி, மற்றவற்றைச் சிறிதாக்கி ஒதுக்குவார். தேராதவர் எல்லாவற்றையும் கொட்டை எழுத்தாக்கி நெருக்குவார். எல்லாம் உரக்கக் கூவினால் எதுவும் காதில் விழாது என்பது சந்தையில் நின்றவன் அறிந்த செய்தி.

அடைக்கலமான பலகையே ஆபத்தாகவும் ஆயிற்று. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிற்று. அதன் பின்னர் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள "ஸ்ரீ" எழுத்து இடப்பட்டது. வடக்கே அவ்வெழுத்தின் மேல் தார் பூசப்பட்டது. 1958 இல் தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் பூசப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கலவரம் வெடித்தது. 1983 யூலையில் கொழும்பிலும் பிற நகரங்களிலும் தமிழருடைய கடைகள் தீக்கிரையாயின. வழிப்போக்கனை அழைப்பதற்கென எழுதிய எழுத்து, கொளுத்த வந்தவனுக்கும் வழி காட்டக்கூடும் என்னும் கொடிய உண்மையை வணிகர் கண்டனர். சொந்த எழுத்தில் தன் பெயரைத் தன் வாயிலில் எழுதுவது ஒரு சிறு செயலாகத் தோன்றலாம். அதனை அஞ்சாமற் செய்ய இயலுமா என்பதிலேயே ஒரு நாட்டின் நலம் அடங்கியிருக்கிறது. 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகும் என்று கூறிற்று.

பெயர் நிலைப்பதற்குத் தடித்த எழுத்து மட்டும் போதாது என்பதற்கும் தீவகமே சான்று. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டுப் படங்களில் எழுதினர். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று; காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. படத்தில் எழுதிய பெயர் மக்கள் வாயில் ஏறவில்லை. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ட் என்னும் பெயரே பரவலாக வழக்கில் எஞ்சியது. அதுவும் தமிழர் வாயில் நெடுந்தீவை வெல்லவில்லை. ஊர்காவற்றுறைக்கு வழங்கும் கயிட்ஸ் என்பதோ, துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லினின்று வந்தது என்பர். அங்கே நடந்த தொழிலை அது சொல்லிற்று, ஆகவே நிலைத்தது. பொருந்தாத பெயரை எத்துணைப் பெரிதாக எழுதினும் அது பலகையோடு நின்றுவிடும்.

எழுத்தின் உருவமும் இந்நூற்றாண்டுகளில் மாறியது. பெரியார் ஈ.வெ. இராமசாமி 1935 இல் தம் "குடி அரசு" பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1978 இல் அதனை ஏற்றது. ணா, றா, னா என்பவற்றின் சுழித்த பழைய வடிவமும், ணை, லை, ளை, னை என்பவற்றின் துதிக்கை போன்ற கொம்பும், அவ்வினத்து ஒகர ஓகார வடிவங்களும் எனப் பதின்மூன்று எழுத்துகள் மாறின. இலங்கையிலும் அச்சில் புதிய வடிவங்கள் பரவின. நயினாதீவு என்னும் பெயரில் னா உண்டு. வேலணையில் ணை உண்டு. அனலைதீவில் லை உண்டு. ஆதலால் பழைய பலகையில் எழுதிய இவ்வூர்ப் பெயர்களும் இன்றைய பலகையிலுள்ளவையும் உருவில் வேறுபடும். பழைய வடிவம் பலகையில் இடத்தைச் சுருக்கிற்று. புதிய வடிவம் அகலத்தைக் கேட்கிறது. பழைய பலகையைப் புதுப்பிப்போர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இன்று தூரிகைக்குப் பதிலாகக் கணினி வந்துவிட்டது. 1991 இல் வெளிவந்த யூனிக்கோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதற்கு முற்பட்ட முறையில் அமைந்த "பாமினி" எழுத்து இலங்கையில் மிகுதியாக வழங்கிற்று. பாமினியில் அமைத்த பெயரை அவ்வெழுத்து இல்லாத கணினியில் திறந்தால் ரோமன் எழுத்துகளின் குழப்பமே தோன்றும். எனவே புதிதாகப் பெயர் அமைப்போர் யூனிக்கோடு எழுத்துருவையே தேர்தல் நன்று. யாவரும் பணமின்றிப் பயன்படுத்தக்கூடிய உரிமத்தோடு வெளிவந்த தமிழ் எழுத்துருக்கள் பல உள. 2016 இல் வெளிவந்த "பலூ தம்பி" உருண்டு திரண்ட கொட்டை எழுத்து. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த "கட்டமரான்" மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்புகளில் உள்ளது; நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் எழுத்தின் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது. விலைக்கு விற்கும் எழுத்துருவாயின், பெயர்ப்பலகைக்கும் பொதிக்கும் அதனைப் பயன்படுத்த உரிமம் இடம் தருகிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் அப்பெயரைத் தனதாக்கிக் காக்க விரும்புவோர்க்கு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வணிகக் குறியைப் பதிவு செய்ய வழி வகுக்கிறது.

எழுத்துருவைத் தேர்வது எவ்வாறு? தீவகத்து ஊர்ப் பெயர்களே இதற்கு உரைகல்லாக அமைகின்றன. ஊர்காவற்றுறை என்று அமைத்துப் பார்த்தால், றகரம் மூன்று அடுத்தடுத்து வருகிறது. முதலாவது புள்ளியோடும், இரண்டாவது கீழ்ச்சுழியோடும், மூன்றாவது ஐகாரக் கொம்போடும் நிற்கின்றன. மூன்றும் தனித்தனியே தெரிந்தால் அவ்வெழுத்துரு நல்லது. வேலணை என்பதில் ணகரத்தின் சுழிகள் திறந்திருக்கின்றனவா என்று காணலாம். நெடுந்தீவு என்பதில் மேலே ஏறும் ஈகாரச் சுழியும் நகரத்தின் புள்ளியும், கீழே இறங்கும் உகர வால்களும் பலகையின் விளிம்பில் முட்டாமல் இருக்கின்றனவா என்று காணலாம். கடையின் பெயரை அமைத்த பின், தாளை எட்டக் கொண்டுபோய்க் கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் புள்ளி புள்ளியாகவே தெரிந்தால் அதனை ஏற்கலாம்.

பத்து அடித் தொலைவுக்கு ஓர் அங்குல உயரம் என்பது பெயர்ப்பலகை எழுதுவோர் கொள்ளும் பொது விதி. நூறு அடிக்கு அப்பால் வரும் படகிலிருந்து படிக்க வேண்டுமாயின் எழுத்துப் பத்து அங்குல உயரம் இருத்தல் வேண்டும். அவ்விதி ரோமன் எழுத்தை நோக்கி எழுந்தது. தமிழில் அவ்வுயரத்தை எழுத்தின் உடலுக்கே கொடுத்து, மேற்சுழிக்கும் கீழ்வாலுக்கும் தனியே இடம் விடுதல் தகும். தீவகத்தின் வெயில் கண்ணைக் கூச வைப்பது. உப்புக் காற்று வண்ணத்தை விரைவில் அரிப்பது. கருமைக்கு வெண்மை, கடுநீலத்துக்கு மஞ்சள் எனத் தெளிந்த மாறுபாடுள்ள வண்ணங்களே அங்கே நிலைக்கும். நிழலும் மினுக்கும் சேர்த்து எழுத்தை அணி செய்தால், வண்ணம் வெளிறும்பொழுது நிழலே எழுத்தாகத் தோன்றிக் குழப்பும்.

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகில் அம்மன் கோயிலுக்குப் போகும் அடியாரும், நாகதீப விகாரைக்குப் போகும் யாத்திரிகரும், வேற்று நாட்டாரும் ஒருங்கே ஏறுகின்றனர். அவர்களை நோக்கி நிற்கும் சிறு கடையின் பலகையில் மூன்று எழுத்துகள் வேண்டும். சிங்கள எழுத்து வட்டமானது. தமிழ் எழுத்துச் சதுரமும் சுழியும் கலந்தது. ரோமன் எழுத்து நேர்கோடுகளால் ஆனது. மூன்றையும் ஒரே உயரத்தில் எழுதினால் ரோமன் எழுத்து மிகப் பெரிதாகத் தோன்றும். மற்ற இரண்டும் நலியும். அளவுகோலால் ஒப்பிடாமல் கண்ணால் ஒப்பிட்டு, மூன்றும் ஒரே வலிமையோடு நிற்குமாறு அமைத்தலே முறை. ஓரெழுத்து மற்றோரெழுத்தை மிதித்து நிற்கும் பலகை, கடைக்குள் நுழையும் முன்னரே ஒரு வாடிக்கையாளனைத் தாழ்த்திவிடுகிறது. காலிக் கல்லை வெட்டியவன் அறிந்திருந்த நாகரிகம் அது.

கொட்டை எழுத்தின் வலிமை மையின் மிகுதியில் இல்லை. மைக்கு இடையே விட்ட வெளியில் இருக்கிறது. அவ்வாறே கடையின் வலிமையும் பலகையின் அளவில் இல்லை. பலகை சொன்ன சொல்லைக் கடை காப்பதில் இருக்கிறது. ஊராத்துறைக்கு வந்த வணிகன் கல்லில் வெட்டிய எழுத்தைப் படித்துவிட்டுத் தன் மரக்கலத்தை நங்கூரமிட்டான். மரக்கலம் உடைந்த நாளில் மூன்று பங்கும் அவன் கைக்கு வந்தாலன்றோ அடுத்த ஆண்டு இன்னொருவன் வருவான்? பெயரைப் பெரிதாக எழுதுகிறவன், அந்த அளவுக்குத் தன் பெயரைப் பிணை வைக்கிறான்.